ரோபோவுக்குப் பெயர் தந்த காரெல் சாப்பெக்

யந்திர மனிதர் தம்மைப் படைத்த மாந்தர்மேற் படையெடுத்து வரும் கதைகளை நம் மாணவ அன்பர்கள் திரைப்படங்களிலும் சித்திரக் கதைகளிலும் பலகாலும் கண்டிருப்பர். 1963-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ரஸ் மானிங் என்னும் ஓவியர் வரையத் தொடங்கிய மேக்னஸ் என்னும் வீரனது கதை அத்தகையது. கி. பி. 4000-இல் வாழ்வதாகக் கற்பிக்கப்பட்ட அவ்வீரன், நெறி பிறழ்ந்த இரும்பு மனிதரை வெறுங்கையாலேயே தகர்த்தெறிவான். 1977-இல் பிரிட்டனில் தோன்றிய வாரப் பத்திரிகை ஒன்றிலோ, டிரெட் என்னும் நீதிகாவலன், தச்சுத் தொழில் புரியும் ரோபோ ஒன்றின் தலைமையில் மூண்ட பெருங்கலகத்தை அடக்குகின்றான். இவற்றை விரும்பிப் படிப்போர் பலர்; இவற்றிற்கெல்லாம் மூலபுருடர் யாவர் என வினவுவோர் சிலரே. ரோபோ என்னும் சொல்லும், ரோபோக்கள் கலகம் விளைக்கும் கதையும் ஒரே நாடகத்தில் ஒருங்கே பிறந்தன. அந்நாடகத்தை இயற்றியவர் செக் நாட்டு அறிஞர் காரெல் சாப்பெக். அவர் கதையில் மேக்னஸும் இலன், டிரெட்டும் இலன். கலகத்தை அடக்குவார் ஒருவருமே இலர். அஃது ஏன் என்பதை அவருடைய வாழ்க்கையை நோக்கினால் ஒருவாறு உணரலாம். ஆதலின் அதனை யாம் ஈண்டு எடுத்துரைக்கப் புகுகின்றோம்.

அக்காலத்தில் ஆஸ்திரியா–ஹங்கேரி சாம்ராச்சியத்துக்கு உட்பட்டிருந்த பொஹீமியா நாட்டின் வடகிழக்கு மலைப்பாங்கில் மாலே ஸ்வாடோனோவிட்சே என்றோர் ஊர் உளது. அவ்வூரில் 1890-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 9-ஆம் நாள் காரெல் பிறந்தார். தந்தையார் அன்டோனின் மருத்துவர். தாயார் பொஷேனா நாட்டுப்புறத்துப் பழங்கதைகளைத் திரட்டுவதில் ஆர்வமுடையவர்; மனச்சோர்வால் அடிக்கடி வருந்தியவருங்கூட. மக்கள் மூவருள் மூத்தவர் ஹெலெனா, அடுத்தவர் யோசெப், கடைக்குட்டி காரெல். காரெல் பிறந்த அவ்வாண்டிலேயே குடும்பம் ஊப்பிட்சே என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தது. அது நெசவாலைகள் மிக்க ஊர். மருத்துவர் வீட்டுப் பிள்ளைகளாதலின், ஆலைத் தொழிலாளர் படும் நோயும் வறுமையும் அவர்கட்குச் செவிவழிச் செய்திகளாயிருந்ததில்லை. நாடோறும் வாயிலில் வந்து நின்ற காட்சிகளாகவே இருந்தன. மாவாலை நடத்திய குடும்பத்துத் தாய்வழிப் பாட்டியாரிடமிருந்து காரெல் நாட்டு மக்களின் பேச்சையும் பழமொழிகளையும் கற்றார். பிற்காலத்தில் அவருடைய உரைநடை கற்றாரும் கல்லாதாரும் ஒருங்கு விரும்பும் எளிமையுடன் விளங்கியதற்கு அக்கல்வியே முதற்காரணம் என்று யாம் கருதுகின்றோம்.

தமையன் யோசெப்பைப்பற்றி ஈண்டே சிறிது கூறவேண்டும். அவரைவிட்டுக் காரெலின் சரித்திரத்தைச் சொல்லுதல் இயலாது. படிப்பில் நாட்டமிலர் எனக் கருதிய தந்தையார் அவரை நெசவுப் பள்ளிக்கு அனுப்பினார். பயிற்சி முடிந்தபின் யோசெப் ஊப்பிட்சேயின் ஆலையொன்றில் தொழிலாளராய் ஓராண்டு உழைத்தார். பின்னரே பிராக் நகரஞ் சென்று ஓவியங் கற்றார். உலகமெல்லாம் வழங்கும் ஒரு சொல்லை உரைத்த வாய் அவருடையது என்பதையும், அவ்வாய்க்குரியவர் ஆலையின் இரைச்சலை உள்ளிருந்து கேட்டவர் என்பதையும் மாணவர்கள் நினைவிற் கொள்க.

காரெலோ படிப்பிற் சிறந்தவர். ஆயினும் ஹ்ராடெட்ஸ் கிராலோவே நகரத்து உயர்நிலைப் பள்ளியில் மாணவர் இரகசியச் சங்கமொன்றிற் சேர்ந்திருந்த குற்றத்திற்காக 1905-இல் அப்பள்ளியை விட்டு நீங்க நேர்ந்தது. பிர்னோ நகரில் வாழ்ந்த தமக்கையார் வீட்டிலிருந்தும், பின்னர்ப் பிராக்கிலிருந்தும் பள்ளிப் படிப்பை முடித்தார். சார்லஸ் சர்வகலாசாலையில் தத்துவம் பயின்றார்; இடையே பெர்லினிலும் பாரிஸிலுங் கற்றார்; 1915-இல் டாக்டர் பட்டம் பெற்றார். இதற்குள் முதுகெலும்பைப் பற்றிய கொடிய நோயொன்று அவரை வருத்தத் தொடங்கிற்று. தலையைத் திருப்பவும் குனியவும் அருமையாயிற்று. வாழ்நாள் முழுதும் அந்நோய் விட்டகன்றிலது. முதல் உலகப் பெரும்போரில் அவரொத்த இளைஞர் இலக்கக்கணக்கிற் போர்க்களத்திற் பட்டொழிய, இந்நோய் காரணமாகவே அவர் படையிற் சேராது தப்பினார். நோயாளி என்று ஒதுக்கப்பட்டு வீட்டிலிருந்த அவர் அப்போரை மறந்தாரல்லர். மனிதரை எண்ணிக்கையாகவே கருதி ஏவும் பேரமைப்பு யாதாயினும் அதன்மேல் அவருக்கு இருந்த அச்சம் அந்நாளிலேயே வேரூன்றியது போலும்.

1917-இல் அவர் பத்திரிகைத் தொழிலில் அமர்ந்தார். 1918-இல் போர் முடிந்து செக்கோஸ்லொவேக்கியக் குடியரசு பிறந்தது. தத்துவப் பேராசிரியராயிருந்த மாசரிக் அதன் முதற் குடித்தலைவரானார். 1920-இல் சாப்பெக் நம் கட்டுரைக்கு உரிய நாடகத்தை எழுதினார்.

அதற்குப் பெயர் வைத்த கதை சுவையானது. சாப்பெக்கே 1933-இல் தம் பத்திரிகையில் வெளியிட்டது. செயற்கைத் தொழிலாளரைப் பற்றிய கருத்து மனத்தில் உருவானவுடன் அவர் தமையனாரிடம் ஓடினார். யோசெப் தூரிகையை வாயிற் கவ்விக்கொண்டு படம் வரைந்துகொண்டிருந்தார். கருத்தைக் கேட்டும் அவர் நிமிர்ந்து பார்த்திலர். எழுதிவிடு என்றார். அத்தொழிலாளரை என்ன பெயரால் அழைப்பது, உழைப்பு என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து ஒரு பெயர் ஆக்கினேன், அது ஏட்டுச் சுரைக்காய்போல் இருக்கின்றதே எனத் தம்பி கவல, அண்ணன் வாயிலிருந்த தூரிகையை எடாமலே ரோபோட் என்று முணுமுணுத்தார். அவ்வளவே. நாம் தமிழில் அதன் கடைசி மெய்யை விட்டு ரோபோ என்கின்றோம்.

ரோபோட்டா என்பது செக் மொழியில் பழைய சொல். நிலக்கிழாருக்கு அவர்தம் நிலத்துக் குடிகள் கூலியின்றிச் செய்து தீரவேண்டிய கட்டாய ஊழியத்திற்கு அப்பெயர். நம் சோழர் கால கல்வெட்டுக்களில் வெட்டி என வரும் ஊழியத்தை இதனோடு ஒப்பிட்டால் பொருள் எளிதில் விளங்கும். ஆஸ்திரிய அரசில் இக்கொடுமை 1848-ஆம் ஆண்டுப் புரட்சியாற்றான் ஒழிந்தது. சாப்பெக்கின் பாட்டன் பாட்டியர் தலைமுறையினர்க்கு அது கண்ணாற் கண்ட செய்தி. ஆகவே 1921-இல் பிராக் நாடகசாலையில் அமர்ந்து ரோபோட் என்னும் பெயரைக் கேட்டவர் எவர்க்கும் இரும்பும் சக்கரமும் நினைவில் எழுந்திரா. குனிந்த முதுகும் ஊழியக்காரன் கையும் எழுந்திருக்கும். பிற மொழிகளிற் புகுந்தபோது சொல் அப்படியே சென்றது. அதனுள் இருந்த ஊழியக்காரனைமட்டும் எல்லைக்கு அப்பாலே விட்டுவிட்டார்கள்.

நாடகத்தின் பெயர் ஆர். யு. ஆர்.; ரோசும் என்பவர் பெயரால் அமைந்த ரோபோத் தொழிற்சாலையின் பெயர்ச் சுருக்கம் அது. ரோசும் என்னும் பெயர் செக் மொழியில் அறிவைக் குறிக்குஞ் சொல்லை நினைவூட்டுவது. கதை நிகழுமிடம் ஒரு தீவு. முதிய ரோசும் உயிர்ப்பொருளைப்போன்ற ஒன்றைக் கண்டுபிடிக்கின்றார். அவருக்குப்பின் வந்த இளைய ரோசுமோ உழைப்புக்கு வேண்டாத எல்லாவற்றையும் மனித உருவினின்றும் நீக்கி மலிவான தொழிலாளனைச் செய்கின்றான். தசையும் நரம்பும் உடைய அவ்வுருவங்களுக்கு மகிழ்ச்சியில்லை, நோவில்லை, குழந்தையில்லை. தலைவன் டோமின் தீயவனல்லன் என்பதை நாம் ஊன்றி நோக்கவேண்டும். மனிதன் நெற்றி வேர்வை சிந்தி உழைக்கும் சாபம் ஒழியவேண்டும், எல்லாரும் பிரபுக்களாய் வாழவேண்டும் என்பதே அவன் கனவு. ரோபோக்களுக்கு இரங்கி அவர்களை விடுவிக்க வந்த ஹெலெனா என்னும் நங்கை அவனையே மணந்து அத்தீவில் தங்கிவிடுகின்றாள்.

பத்தாண்டு கழிகின்றது. உழைப்பதற்கு யாதுமில்லாத மனிதர் குலத்திற் குழந்தைகள் பிறப்பது நின்றுவிடுகின்றது. அரசுகள் ரோபோக்களைப் போர்வீரராக்கி ஒன்றன்மேல் ஒன்று ஏவுகின்றன. ஹெலெனாவின் வேண்டுகோளால் கால் என்னும் விஞ்ஞானி சில ரோபோக்களுக்கு உணர்ச்சியுண்டாக மாற்றியமைத்திருந்தான்; அவர்களிடமிருந்து கலகம் எழுகின்றது. அப்போது டோமின் ஆலோசிக்கும் வழி யாதெனின், இனி நாட்டுக்கொரு தொழிற்சாலை அமைத்து, நிறத்தாலும் மொழியாலும் வேறுபட்ட ரோபோக்களைச் செய்து, ஓரினத்தை மற்றோரினம் என்றும் பகைக்குமாறு செய்துவிடுவதே. இக்காட்சியைப் படிக்குந்தோறும் யாம் நெஞ்சு நடுங்குகின்றோம். நல்லெண்ணத்தோடு தொடங்கியவன் எத்துணை எளிதாக இவ்விடத்தை வந்தடைகின்றான்! பணத்தைக் கொண்டே ரோபோக்களை விலைக்கு வாங்கிவிடலாம் என நம்பி வெளியே சென்ற வணிக நிருவாகி புஸ்மன், மின்சாரம் பாய்ந்த வேலியில் அகப்பட்டு மாள்கின்றான். ரோபோக்களைச் செய்யும் முறையை எழுதிய ஏட்டை ஹெலெனா முன்னரே எரித்துவிட்டமையால் பேரம் பேசவும் கையிலொன்றுமில்லை.

கலகக்காரர் உட்புகுந்து ஒருவரைத் தவிர அனைவரையும் கொல்கின்றனர். அவ்வொருவர் கட்டடத் தலைவர் அல்குவிஸ்ட். மனக்கவலை மிகும்போதெல்லாம் சாரத்தின்மேல் ஏறித் தம் கையாலேயே செங்கல் அடுக்கும் வழக்கமுடையவர் அவர். தம்மைப்போற் கையால் உழைப்பவர் என்று கண்டே ரோபோக்கள் அவரை உயிரோடு விடுகின்றனர். ஆனால் வென்றவர்க்கும் வாழ்வில்லை. ஏடு எரிந்தது, இனம் பெருக வழியில்லை. இறுதியில் ஆண் ரோபோ ஒன்றும் பெண் ரோபோ ஒன்றும் ஒருவர்க்காக ஒருவர் உயிர்கொடுக்க முன்வருவதை அம்முதியவர் காண்கின்றார். அன்பு பிறந்த இடத்தில் உயிரும் பிறந்துவிட்டது எனத் தெளிந்து, அவ்விருவரையும் புதிய ஆதாம் ஏவாளாக வெளியே அனுப்பிவிட்டு, ஆதியாகமத்தைத் திறந்து படிக்கின்றார்.

பிற்காலக் கதைகளில் வருவது போன்ற வீரனுக்கு இந்நாடகத்தில் இடமின்மை இப்போது புலனாகும். சண்டை தொடங்குவதற்கு முன்னரே மனிதர் தோற்றுவிட்டனர். தம் கையை வேறொருவர்க்குக் கொடுத்துவிட்ட அன்றே தோற்றனர். மேக்னஸ் கதையை எழுதியவர்க்கு இதில் ஒரு பங்கு விளங்கியிருந்தது என்று சொல்லவேண்டும். மனிதர் யந்திரங்களையே நம்பிச் சோம்பிப்போயினர் என்பதுதான் அவ்வீரனுடைய குறையும். எனினும் அடிக்கப்படுபவன் யார் என்னும் வினாவைச் சித்திரக் கதைகள் கேட்பதில்லை. இரும்பை உடைப்பதில் பாவமில்லையன்றோ? சாப்பெக்கின் ரோபோவை உடைத்தால் இரத்தம் வரும்.

நாடகம் 1921 ஜனவரியில் முதலில் ஹ்ராடெட்ஸ் கிராலோவே நகரில் நாடகப் பிரியர் குழுவினராலும், அம்மாதம் 25-ஆம் நாள் பிராக் தேசிய நாடகசாலையிலும் நடிக்கப்பெற்றது. 1922-இல் நியூயார்க்கும் 1923-இல் லண்டனும் அதனைக் கண்டன. சில ஆண்டுகளில் பல மொழிகளிற் பரவிற்று. 1938 பிப்ரவரியில் அதன் ஒரு பகுதியைப் பி. பி. சி. தொலைக்காட்சியில் ஒளிபரப்பிற்று. புகழ் வந்ததே தவிர ஆசிரியர்க்கு மனநிறைவு வந்திலது. எல்லாரும் ரோபோவை இரும்புப் பெட்டியாக வரைவது கண்டு அவர் 1935-இல் ஒரு கட்டுரை எழுதி, தம் ரோபோக்கள் உலோகத்தால் ஆனவர் அல்லர் என்று வாதிட்டார். உலகம் செவிசாய்த்திலது.

1921 முதல் இறக்கும்வரை லிடோவே நோவினி என்னும் நாளிதழே அவர்க்குத் தொழிற்களம். நாவலும் நாடகமும் எழுதிய அதே கையால் பூனையைப்பற்றியும், நாய்க்குட்டியைப்பற்றியும், பயணங்களைப்பற்றியும், அன்றாடச் செய்திகளைப்பற்றியும் எழுதினார். 1925-இல் சகோதரர் இருவரும் பிராக்கின் வினோஹ்ரடி பகுதியில் ஒட்டிக் கட்டிய இரட்டை வீட்டிற் குடியேறினர். வெள்ளிக்கிழமைதோறும் அங்கே அறிஞர் கூடுவர். குடித்தலைவர் மாசரிக்கும் வருவதுண்டு. மாசரிக்கோடு நிகழ்த்திய உரையாடல்களை மூன்று தொகுதிகளாகச் சாப்பெக் வெளியிட்டார். வீட்டுத் தோட்டத்திலோ அவருக்கு அளவிறந்த பற்று. முதுகு வளையாத மனிதர் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார் என்பது வியப்பேயாம்! அத்தோட்ட அனுபவத்தை 1929-இல் நகைச்சுவை ததும்பும் நூலாக்கினார். படம் வரைந்தவர் யோசெப். அல்குவிஸ்ட் என்னும் பாத்திரத்தில் ஆசிரியரின் சாயலைக் காணவிரும்புவோர் அந்நூலைப் படித்தல் வேண்டும். 1920-இலேயே அறிமுகமான நடிகை ஓல்கா ஷைன்ப்ப்லுகோவாவை 1935-இல் மணந்தார்; நோயே இந்நீண்ட தாமதத்திற்குக் காரணம் என்பர். திருமணத்தையொட்டி ஸ்டரிஷ் என்னுமிடத்தில் நாட்டுப்புற வீடொன்று அவர்கள் வாழ்வதற்கெனக் கிடைத்தது.

இதற்குள் அண்டை நாடான ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்துவிட்டான். 1936-இல் வெளிவந்த நாவலில் சாப்பெக் தம் பழைய கதையை மீண்டும் கையிலெடுத்தார். இம்முறை ரோபோவுக்குப் பதில் நீரில் வாழும் சாலமாண்டர்கள். முத்தெடுக்கப் பழக்கி, கருவியும் வெடிமருந்தும் தந்து, விலைக்கு விற்று வளர்த்தபின், அவை கடற்கரை நாடுகளைக் கேட்கத் தொடங்குகின்றன. வல்லரசுகள் மாநாடு கூடித் தம் கரைகளைக் காக்கும்பொருட்டுச் சீனத்தின் நிலத்தைக் கொடுத்துவிடலாம் எனப் பேசுகின்றன. மறு ஆண்டு மேடையேறிய வெண்ணோய் என்னும் நாடகத்தில், கொள்ளைநோய்க்கு மருந்தறிந்த மருத்துவர் ஒருவர், போரை நிறுத்தினாலன்றி மருந்து தரேன் என்று ஆள்வோரிடம் நிற்கின்றார். போர்வெறி கொண்ட கூட்டத்தின் காலடியில் மிதிபட்டு மாள்கின்றார்.

1938 செப்டம்பர் 30-ஆம் நாள் மியூனிக் நகரில் பிரிட்டன், பிரான்ஸ், இத்தாலி, ஜெர்மனி என்னும் நான்கு அரசுகளுங் கூடிச் செக்கோஸ்லொவேக்கியாவின் எல்லைப் பகுதிகளை ஹிட்லருக்குக் கொடுத்தன. செக் நாட்டினர் அம்மண்டபத்துள் அழைக்கப்பட்டிலர். சாலமாண்டர் நாவல் வெளிவந்து அப்போது இரண்டே ஆண்டு. சாப்பெக்குக்கு இவ்வடி தாங்கற்கரியது. அதனினும் கொடியது உள்நாட்டில் நேர்ந்தது. குடியரசின் எழுத்தாளர், மாசரிக்கின் நண்பர் என்னுங் காரணத்தால், நேற்றுவரை அவரைக் கொண்டாடிய நாட்டிலேயே வலதுசாரிப் பத்திரிகைகள் அவர்மேல் வசைமாரி பொழிந்தன; பெயரில்லாக் கடிதங்கள் நாடோறும் வந்து குவிந்தன. நண்பர் அயல்நாடு சென்றுவிடுமாறு வற்புறுத்தினர். அவர் இசைந்திலர். பகைப்படை வருமென்று அறியாமலும் அன்று. அவ்வளவும் அறிந்தே தங்கினார்.

அவ்விலையுதிர் காலத்தில் ஸ்டரிஷ் வீட்டுத் தோட்டத்தில் வெள்ளம் புகுந்து கேடு விளைத்தது. அவர் தாமே இறங்கி அதனைச் சீர்ப்படுத்தினார், குளிர் கண்டது, அது நுரையீரல் அழற்சியாக முற்றியது. 1938 டிசம்பர் 25-ஆம் நாள், கிறிஸ்துமஸ் தினத்தன்று மாலை, பிராக்கில் உயிர் நீத்தார். வயது 48. விஷெஹ்ராட் கல்லறைத் தோட்டத்தில் அடக்கஞ் செய்யப்பட்டார்.

மூன்று மாதத்துக்குள், 1939 மார்ச்சு 15-ஆம் நாள், ஜெர்மானியப் படை பிராக்கினுட் புகுந்தது. இரகசியப் போலீசார் சிறைப்படுத்துவதற்கென வைத்திருந்த பட்டியலில் சாப்பெக்கின் பெயரும் இருந்தது. அவரைத் தேடி வீட்டுக்கு வந்தவர்களுக்கு வாயிலில் நின்று விடையிறுத்தவர் ஓல்கா. தேடிவந்தவர் கிறிஸ்துமஸ் அன்றே இறந்துபோயினார் என்னுஞ் செய்தியை அவரிடமிருந்தே அவர்கள் அறிந்தனர்.

யோசெப் இருந்தார். அவரை அவ்வாண்டு செப்டம்பர் 1-ஆம் நாள், இரண்டாம் உலகப்போர் தொடங்கிய அன்றே, பிடித்துச் சென்றனர். டாகௌ, புகன்வால்ட், சாக்சன்ஹௌசன் எனச் சிறைமுகாம்கள் பல மாறின. அங்கே மனிதருக்குப் பெயரில்லை, எண் உண்டு; கூலியில்லை, கட்டாய ஊழியம் உண்டு. அவ்விடங்களிலும் அவர் மறைவாகக் கவிதைகள் எழுதினார். அவை பிழைத்து வெளிவந்தன. அவர் மீளவில்லை. 1945 ஏப்ரலில் பெர்கன்–பெல்சன் முகாமில், அஃது விடுவிக்கப்பெற்ற காலத்தையொட்டி, இறந்தார். எந்நாளில் என்பது தெரியவில்லை. உடலும் அடையாளங் காணப்பெற்றிலது. விஷெஹ்ராடில் அவர்க்கென நிறுவிய கல்லின்கீழ் ஒன்றுமில்லை.